ஆடு மேய்த்தார், அரசர்களுக்கு விருந்து வைத்தார்! ஓட்டல் மன்னர் ரிட்ஸ் வாழ்க்கை

பாரீஸ் நகரம் பட்டினி கிடந்தது.

1870-ம் ஆண்டு, டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகை. பிரஷ்ய நாட்டுப் படைகள் நகரைச் சுற்றி வளைத்து 3 மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வெளியில் இருந்து ஒரு மூட்டை மாவு கூட உள்ளே வர முடியவில்லை. வண்டி இழுத்த குதிரைகள் கசாப்புக் கடைக்குப் போய்விட்டன. அடுத்து நாய்களும் பூனைகளும் போயின. அதற்கும் அடுத்து எலிகள்!

அந்த நாளிலும் பாரீசில் ஒரு ஓட்டலில் விருந்து நடந்தது. ஓட்டலின் பெயர் வாஸான். பிரான்சு நாட்டிலேயே பெயர் பெற்ற சாப்பாட்டு விடுதிகளில் அதுவும் ஒன்று. தலைமைச் சமையல்காரர் பெயர் ஷோரோன். கையில் கிடைத்ததைக் கொண்டு சமைத்தார்.

கிடைத்தது என்ன தெரியுமா? மிருகக்காட்சி சாலை மிருகங்கள்! மிருகங்களுக்குப் போடத் தீனி இல்லாததால் அவற்றை விற்றுவிட்டார்கள்.

அன்றையச் சாப்பாட்டுப் பட்டியல் இன்றும் உலகப் பிரசித்தம். யானை சூப், கழுதைத் தலை, ஒட்டக வறுவல், கங்காருக் குழம்பு, கரடி விலா, ஓநாய்த் தொடை. இன்னும் ஒன்று. நடுவில் பூனை, சுற்றிலும் எலிகள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பட்டியலில் மது வகைகளும் அச்சாகி இருந்தன. 1846-ம் ஆண்டு "மூட்டான் ராத்சைல்டு". 1858-ம் ஆண்டு "ரோமனே கோன்டி". 1827-ம் ஆண்டு போர்ட். கோடீசுவரர்களும் தேடி அலையும் ஒயின்கள் இவை. தின்ன எலிதான் கிடைத்தது. குடிக்கவோ அரசர் வீட்டு ஒயின்!

வாஸான் ஓட்டலின் பெருமையே அதன் நிலவறைதான். பூமிக்கு அடியில், வெயில் படாமல், ஆயிரக்கணக்கான சீசாக்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடக்கும். மேலே ஊர் பட்டினி கிடந்தாலும் கீழே ஒயினுக்குப் பஞ்சம் வரவில்லை.

முற்றுகை நடந்த அந்தக் காலத்தில் இந்த ஓட்டலில் சிப்பந்தியாக இருந்தவர் ஒரு வாலிபர். வயது 20. மேஜை துடைப்பார். எச்சில் தட்டு எடுப்பார். ஒயின் ஊற்றுவார்.

அவர் பெயர் சீசர் ரிட்ஸ்.

பிற்காலத்தில் பாரீசிலும், லண்டனிலும், மாட்ரிட் நகரிலும் "ரிட்ஸ்" என்று பெயர்ப் பலகை தொங்கிய மாளிகைகள் எல்லாம் இவர் பெயரால் வந்தவைதான். ஆடம்பரத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் இவர் பெயரில் ஒரு சொல்லே பிறந்துவிட்டது. இவரை உயர்த்தியது ஒயின் புட்டி. கடைசியில் இவரைத் தலைகுனிய வைத்ததும் ஒயின் புட்டிதான்.

13-வது பிள்ளை

சுவிட்சர்லாந்து மலை நாடு. அங்கே, ரோன் நதி பிறக்கும் பள்ளத்தாக்கில், நீடர்வால்ட் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். மரத்தால் கட்டிய சில வீடுகள். ஒரு மாதா கோவில். சுற்றிலும் புல்வெளி. அவ்வளவுதான்.

1850-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி, அந்தக் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் ரிட்ஸ் பிறந்தான். 13-வது பிள்ளை!

மலைச் சரிவில் ஆடு மேய்ப்பதுதான் அவனுடைய வேலை. கடைசிப் பையனையும் ஆட்டு மந்தையோடு விட்டுவிடத் தகப்பனாருக்கு மனம் இல்லை. ஏதாவது தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று, 15-வது வயதில் பிரிக் என்ற ஊருக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலை பழகச் சேர்த்துவிட்டார்.

பையன் அங்கே ஒரு வருட காலம் இருந்தான். பிறகு ஓட்டல்காரர் அவனைக் கூப்பிட்டு, சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார். ஓட்டல் தொழிலுக்கு என்று ஒரு தனி ஞானம் வேண்டும், அது உனக்கு வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆள் பார்த்து எடை போடுவதில் சில முதலாளிகளுக்கு இருக்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பாரீசுக்குப் பயணம்

1867-ம் ஆண்டு பாரீசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. நாலா திசைகளில் இருந்தும் கூட்டம் வந்து குவிந்தது. கூட்டம் வரும் ஊரில் ஓட்டல் வேலைக்கு என்ன பஞ்சம்? 17 வயது ரிட்ஸ் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டுவிட்டான்.

செருப்புத் துடைத்தான். பெட்டி தூக்கினான். தட்டு கழுவினான். ஒரு இடத்தில் பீங்கான் பாத்திரங்களை உடைத்தான் என்று வேலை போயிற்று. வேகம் அதிகம், அதனால் உடைந்தது. ஆனால், அந்த வேகம்தான் அவனை மேலேயும் தூக்கியது. 20 வயது ஆவதற்கு முன்பே ஒரு சிறு ஓட்டலில் தலைமைச் சிப்பந்தி ஆகிவிட்டார்.

மற்றவர்களாக இருந்தால் அந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ரிட்ஸ் என்ன செய்தார்? வேலையை விட்டுவிட்டார். சில தெருக்கள் தள்ளி இருந்த வாஸான் ஓட்டலுக்குப் போனார். அங்கே கடைநிலைச் சிப்பந்தியாகச் சேர்ந்தார்!

காரணம் இருந்தது. பெரிய இடத்து மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்க்க முடியும். இளவரசர்களும், மந்திரிகளும், எழுத்தாளர்களும், நாடக நடிகைகளும் வந்து போகும் இடம் அது.

நிலவறைப் பாடம்

ஓட்டல் முதலாளி பெயர் பெலஞ்சே. கண்டிப்பானவர். அவருடைய ஓட்டலில் ஒயின் பட்டியல் ஒரு சாஸ்திரம் போல.

ஒயின் என்பது திராட்சைச் சாறு புளித்து உண்டாகும் மது. எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை என்பதைப் பொறுத்து ருசி மாறும். ஒரு வருடம் நல்ல வெயில் அடித்தால் பழம் இனிக்கும். அடுத்த வருடம் மழை கெடுத்தால் அதே கொடியின் ஒயின் சப்பென்று போய்விடும். அதனால்தான் சீசாவில் ஆண்டு போடுகிறார்கள்.

பழைய சிவப்பு ஒயினில் இன்னொரு சங்கடம் உண்டு. வருடக்கணக்கில் கிடப்பதால் அடியில் மண்டி தங்கிவிடும். சீசாவைக் குலுக்கினால் எல்லாம் கலங்கிப் போகும். ஆகவே, ஆடாமல் அசையாமல் எடுத்து வர வேண்டும். சீசாவின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிய வேண்டும். தெளிவை மட்டும் மெல்ல இறுத்து வேறொரு கண்ணாடிக் குடுவையில் ஊற்ற வேண்டும். மண்டி கழுத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கை நடுங்கினால் ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவு பாழ்!

எந்த ஓட்டல்காரர் இவனுக்கு ஒயின் வேலை வராது என்று துரத்தினாரோ, அந்த வேலையை ரிட்ஸ் இங்கே கற்றுத் தேர்ந்தார். மாமிசத்தை நறுவிசாக அறுத்து வைப்பதையும் கற்றார். ஒருவர் போன தடவை வந்தபோது என்ன குடித்தார், எந்த மேஜையில் உட்கார்ந்தார் என்பதை மறக்காமல் மனதில் பதித்துக்கொண்டார்.

ரிட்சுக்கு ஒரு குறை இருந்தது. பாதங்கள் பெரியவை. மலைக் கிராமத்துக் குடியானவன் கால் என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று கடைசி வரை அவருக்குக் கூச்சம். காலுக்குச் சரியான அளவில் சப்பாத்து வாங்கவே மாட்டார். அரை அளவு சிறியதாக வாங்கி, வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பார். நாள் பூராவும் நின்று பரிமாறும் மனிதர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குளிரில் ஒரு விருந்து

1870-களில் ரிட்ஸ் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பி, ரிகி மலை உச்சியில் உள்ள ஓட்டலில் வேலை பார்த்தார்.

ஒரு நாள் கடுங்குளிர். தண்ணீர் உறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓட்டலைச் சூடாக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. 40 அமெரிக்கர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையேறி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று செய்தி! எல்லோரும் கையைப் பிசைந்தார்கள்.

ரிட்ஸ் பிசையவில்லை. சாப்பாட்டு மேஜைகளைச் சிவப்புத் திரை தொங்கும் சிறிய கூடத்துக்கு மாற்றினார். சிவப்பைப் பார்த்தாலே கொஞ்சம் சூடு தோன்றும் அல்லவா? செடி வைக்கும் பெரிய செப்புத் தொட்டிகளைக் காலி செய்தார். அவற்றில் எரிசாராயம் ஊற்றித் தீ மூட்டினார். செங்கற்களை அடுப்பில் சுட்டு, கம்பளித் துணியில் சுற்றி, ஒவ்வொருவர் காலடியிலும் வைத்தார். முதலில் மிளகு காரத்துடன் கொதிக்கக் கொதிக்க சூப். முடிவில் தீக்கொழுந்து ஆடும் அப்பம்.

வந்தவர்கள் குளிரை மறந்து சாப்பிட்டுப் போனார்கள்.

இந்தக் கதை மலைக்குக் கீழே லூசர்ன் நகருக்கும் பரவியது. அங்கே பைபர் என்ற கர்னல் கட்டிய "கிராண்டு ஓட்டல் நேஷனல்" நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரிட்சைக் கூப்பிட்டு மானேஜர் ஆக்கினார். வயது 27. சில வருடங்களில் ஓட்டல் தலைநிமிர்ந்தது.

இணைந்த கைகள்

மான்டிகார்லோ நகரில் குளிர்கால ஓட்டல் ஒன்றையும் ரிட்ஸ் நடத்தினார். அவருடைய சமையல்காரரை எதிர் ஓட்டல்காரர்கள் அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டார்கள். ரிட்ஸ் அசரவில்லை. சமையல்காரர் போனால் போகட்டும், அவருக்குக் கற்றுக் கொடுத்த குருவையே கொண்டு வருவோம் என்று தீர்மானித்தார்.

அந்தக் குருதான் எஸ்கோபியே. பிரஞ்சு சமையலுக்கே அரசர் என்று பிற்காலத்தில் பெயர் எடுத்தவர். 1884-ம் ஆண்டு இருவரும் சேர்ந்தார்கள். அடுப்படி அவருக்கு, கூடம் இவருக்கு. 1888-ல் ரிட்சுக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் மேரி. அவரும் ஓட்டல்காரர் குடும்பத்துப் பெண்.

1889-ம் ஆண்டு லண்டனில் "சவாய்" ஓட்டல் திறக்கப்பட்டது. மின்சார விளக்கு, மாடிக்கு ஏறும் லிப்ட் எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டம் இல்லை. முதலாளி டாய்லி கார்ட் நாடகக் கொட்டகை நடத்தியவர். அவர் ரிட்சை வரவழைத்தார். ரிட்ஸ் எஸ்கோபியேயை அழைத்து வந்தார். ஒயின் இலாகாவைப் பார்த்துக்கொள்ள எஷனார் என்பவரும் கூட வந்தார்.

அந்தக் காலத்தில் லண்டன் சீமாட்டிகள் ஓட்டலில் சாப்பிட மாட்டார்கள். அது கவுரவக் குறைவு. சீமான்கள் கிளப்பில் சாப்பிடுவார்கள், சீமாட்டிகள் வீட்டில். ரிட்ஸ் இதை உடைத்தார். ராச்சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் விருந்து உடையில்தான் வர வேண்டும் என்று விதித்தார். துணையில்லாமல் வரும் பெண்களுக்கு இடம் இல்லை என்றார். இன்றைக்கு அந்த விதி நமக்குப் பிடிக்காது. ஆனால் கவுரவமான இடம் என்ற பெயர் அதனால்தான் ஏற்பட்டது. சீமாட்டிகள் கணவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள்.

நெல்லி மெல்பா என்ற பாடகிக்காக எஸ்கோபியே பீச் பழமும் ஐஸ்கிரீமும் சேர்த்து ஒரு பண்டம் செய்தார். அதுதான் "பீச் மெல்பா". விக்டோரியா மகாராணியின் மகன், வேல்ஸ் இளவரசர், சவாய் ஓட்டலின் வாடிக்கைக்காரர் ஆனார்.

காணாமல் போன சீசாக்கள்

1898-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி இடி விழுந்தது.

ரிட்ஸ், எஸ்கோபியே, எஷனார் மூவரையும் சவாய் கம்பெனி ஒரே நாளில் வேலையை விட்டு நீக்கியது!

அடுப்படியில் கலவரம் மூண்டது. தலைவரை நீக்கினால் சும்மா விடுவோமா என்று சமையல்காரர்கள் நீளக் கத்திகளை ஏந்தி நின்றார்கள். போலீஸ் வந்து 16 பேரை வெளியேற்றியது. லண்டன் பத்திரிகைகளில் இதே பேச்சு. ஆனால் காரணம் என்ன என்பது மட்டும் வெளியே வரவில்லை.

கணக்கில் 3,400 பவுனுக்கு மேல் மதிப்புள்ள ஒயினும் மற்ற மதுவும் காணவில்லை! அந்த நாளில் அது பெருந்தொகை.

ரிட்ஸ் அப்போது தம் சொந்தப் பெயரில் ஓட்டல் கட்டக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். பணம் போடக்கூடிய பெரிய மனிதர்களைச் சவாய் ஓட்டலுக்கு அழைத்து விருந்து வைத்தார். சவாய் நிலவறை ஒயின் அவர்களுக்காகத் திறந்தது. பில் யாருக்கும் போகவில்லை. இதுதான் குற்றச்சாட்டு.

ரிட்ஸ் அநியாயமாக நீக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். பிறகு வழக்கு கோர்ட்டு ஏறாமலே முடிந்தது. 1900-ம் ஆண்டு ஜனவரியில் மூவரும் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பணமும் கட்டினார்கள். அந்தக் காகிதங்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

சீசாவைக் குலுக்காமல் தூக்கத் தெரிந்தவர். மண்டி வரும்போது நிறுத்தத் தெரிந்தவர். சவாய் ஓட்டலில் அந்த நிதானம் அவருக்குத் தவறிவிட்டது. விருந்தாளிக்குச் செய்வது எல்லாம் சரியே என்று வாழ்நாள் முழுவதும் நினைத்தவருக்கு, யார் செலவில் என்ற கேள்வி தோன்றவில்லை போலும்.

பழைய தெருவில் புதிய மாளிகை

நீக்கப்பட்டு 3 மாதம் கூட ஆகவில்லை. 1898 ஜூன் 1-ந் தேதி பாரீசில், வான்டோம் சதுக்கத்தில் "ரிட்ஸ்" ஓட்டல் திறந்தது!

இடத்தைக் கவனிக்க வேண்டும். வாஸான் ஓட்டலில் இருந்து கூப்பிடு தூரம். எச்சில் தட்டு எடுத்த தெருவுக்குப் பக்கத்திலேயே சொந்த மாளிகை!

அறைக்கு அறை குளியல் அறை வைத்தார். அரண்மனைகளில் கூட அன்று அது கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தில் மின்சார விளக்கு போட்டால் பெண்களின் முகம் வெளிறித் தெரிகிறது என்று கண்டார். மனைவி மேரியை நாற்காலியில் உட்கார வைத்தார். ஒவ்வொரு நிறப் பட்டுத் துணியாக விளக்குக்கு மூடி, முகம் எப்படித் தெரிகிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார். கடைசியில், பாதாமி என்ற பழத்தின் இளஞ்சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். மேரிக்குக் கழுத்து வலித்திருக்கும்!

திறப்பு விழா அன்று மேஜைகளைப் பார்த்தார். உயரம் சற்று அதிகம். சுண்டு விரல் அகலம்தான். சாப்பிடுகிறவர்களுக்குத் தோள் வலிக்கும் என்றார். அத்தனை மேஜைகளையும் திருப்பி அனுப்பிக் காலை அறுத்து வரச் சொன்னார். விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்னால்தான் மேஜைகள் திரும்பி வந்தன.

சவாய் ரகசியம் தெரியாத சீமான்கள் இங்கே வந்து குவிந்தார்கள். வேல்ஸ் இளவரசரும் ரிட்ஸ் போன இடத்துக்கே தாமும் போவதாகச் சொன்னாராம்.

1899-ல் லண்டனிலேயே, சவாய் ஓட்டலுக்குப் போட்டியாக, "கார்ல்டன்" ஓட்டலை நடத்த ஆரம்பித்தார். அடுப்படியில் எஸ்கோபியே. பாரீஸ், லண்டன், மறுபடி பாரீஸ் என்று ரிட்ஸ் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தார். இரவில் தூக்கம் இல்லை. பெட்டிக்குள் இருந்த காகிதங்களும் உறுத்தியிருக்க வேண்டும்.

நின்றுபோன பட்டாபிஷேகம்

வேல்ஸ் இளவரசர் 7-வது எட்வர்டு மன்னர் ஆனார். 1902 ஜூன் 26-ந் தேதி பட்டாபிஷேகம். உலகத்துப் பிரபுக்கள் எல்லாம் லண்டனில் கூடினார்கள். கார்ல்டன் ஓட்டலில் ஒரு அறை கூடக் காலி இல்லை. மாபெரும் விருந்துக்கு ஏற்பாடு. பல மாத உழைப்பு.

24-ந் தேதி செய்தி வந்தது. மன்னருக்கு வயிற்றில் கட்டி, அவசர ஆபரேஷன். பட்டாபிஷேகம் ஒத்திவைப்பு!

சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்த நேரம். ரிட்ஸ் உள்ளே போய் விருந்தாளிகளிடம் செய்தியைச் சொன்னார். செய்ய வேண்டியவற்றைச் செய்தார். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார்.

மன்னர் பிழைத்துக்கொண்டார். ஆகஸ்டு 9-ந் தேதி முடி சூடினார். ரிட்ஸ் பிழைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். உயிர் இருந்தது; மனம் போய்விட்டது. வயது 52.

நடுநடுவே தெளிவு வரும். உடனே வேலைக்கு ஓடுவார். மறுபடி இருள் சூழ்ந்துவிடும். 1906-ல் லண்டன் ரிட்ஸ் திறந்தது. 1910-ல் மாட்ரிட் ரிட்ஸ் திறந்தது. வாசலில் அவர் பெயர் இருந்தது. அவர் இல்லை. பாரீஸ் ஓட்டலை மேரி கவனித்துக்கொண்டார்.

கடைசி வருடங்களை ரிட்ஸ் சுவிட்சர்லாந்து வைத்திய விடுதிகளில் கழித்தார். 1918-ல் அவர்களுடைய இளைய மகன் ரெனே இறந்தான். அதே ஆண்டு அக்டோபரில், லூசர்ன் நகருக்கு அருகே, ரிட்சும் காலமானார். அப்போது வயது 68.

சவாய் காகிதங்கள் 1985-ம் ஆண்டு வரை வெளியே வரவில்லை. அவை வெளியானபோது ரிட்சும் இல்லை, எஸ்கோபியேயும் இல்லை, மேரியும் இல்லை.

மேரி 1961-ல் காலமானார். பாரீஸ் கல்லறைத் தோட்டத்தில் இருந்த ரிட்சின் உடலையும் எடுத்து வந்து, இருவரையும் நீடர்வால்ட் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். மாதா கோவில் இருக்கிறது. மர வீடுகள் இருக்கின்றன. மேலே, அவர் ஆடு மேய்த்த புல்வெளி.